குடியேறிகள் வந்தால் உள்ளூர்க்காரர்களின் வேலை, சம்பளம், பண்பாடு எல்லாம் பறிபோகுமா?

“வேலை இத்தனைதான், வந்தவன் ஒன்றை எடுத்தால் நமக்கு ஒன்று குறையும்” என்ற கணக்கே பிழை. வந்தவரும் வாடகை கொடுக்கிறார், முடி வெட்டிக்கொள்கிறார். அதிலிருந்தும் வேலை முளைக்கிறது.

1980இல் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகேறி அமெரிக்கா வந்தார்கள். அவர்களில் பலர் தங்கிவிட்ட மயாமி நகரின் தொழிலாளர் எண்ணிக்கை சட்டென்று சுமார் 7 சதவீதம் கூடியது. கூலி பெரிதாகச் சரியவில்லை என்று 1990இல் பொருளியலாளர் டேவிட் கார்டு காட்டினார். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களைத் தனியே பார்த்தால் சரிவு தெரிகிறதே என்று பின்னாளில் இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் மறுத்தார். சண்டை இன்னும் ஓயவில்லை. அடி விழுந்தால் அதே வேலைக்குப் போட்டியிடுபவர்மேல்தான் விழும். அவரே பல சமயம் முன்பு வந்த குடியேறியாக இருப்பார்!

பண்பாடா? அந்தப் பயத்தில்தான் 1980 நவம்பரில், ஆங்கிலம் தவிர வேறு மொழிக்கு அரசுப் பணம் செலவிடக்கூடாதென்று மயாமி இருக்கும் டேட் கவுண்டி (மாவட்டம் போன்றது) மக்கள் வாக்களித்தார்கள். அந்தச் சட்டம் 1993இல் நீக்கப்பட்டது.