ரோய்போஸ், ரோஜா, மல்லிகை: அடுக்குக் கேக் பற்றி உங்கள் கேள்விகள்

சென்ற இதழில் ரோய்போஸ் (தென்னாப்பிரிக்காவின் செடித் தேநீர்) - ரோஜா அடுக்குக் கேக் செய்முறை தந்திருந்தோம். தவறவிட்டவர்களுக்காக அளவுகள் மட்டும் மீண்டும்: கேக் மாவு 350 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம், காஸ்டர் சர்க்கரை (சன்னமான மணிச் சர்க்கரை) 350 கிராம், பெரிய முட்டை 4, பேக்கிங் பவுடர் 15 மி.லி., உப்பு அரைத் தேக்கரண்டி, ரோய்போஸ் ஊறிய பால் 240 மி.லி. கலவையை 20 செ.மீ. டின்கள் மூன்றில் எடைபோட்டுச் சமமாகப் பிரிக்க வேண்டும்; ஒவ்வொன்றிலும் சுமார் 440 கிராம் வரும். அவன் (oven) சூடு 180 டிகிரி (விசிறி ஓடினால் 160), நேரம் 25 முதல் 28 நிமிடம். ரோஜா மணம் க்ரீமில் மட்டும் (க்ரீமின் அளவு கீழே ஐசிப்பிங்கோ வாசகிக்குத் தந்த பதிலில்).

கேள்வி: கேக் நன்றாக வந்தது, ஆனால் ரோய்போஸ் சுவையே தெரியவில்லை. இரண்டு பையை ஒரு கப் கொதிநீரில் போட்டு, அந்த நீரைப் பாலுக்குப் பதில் ஊற்றினேன். ரோஸ் வாட்டரும் மாவிலேயே கலந்துவிட்டேன். (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: குடிக்கும் தேநீருக்கு இரண்டு பை போதும். கேக்கில் அந்தச் சுவை மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் தாண்டி நாக்குக்கு வந்தாக வேண்டும். 20 கிராம் இலை வேண்டும். ஒரு பை 2.5 கிராம் என்றால் எட்டுப் பை. நீரை விடக் கொழுப்புள்ள பால் மணத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். 300 மி.லி. முழுக்கொழுப்புப் பாலை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, அடுப்பை அணைத்து, பைகளைப் போட்டு மூடி 20 நிமிடம் விடுங்கள். பிறகு பைகளை அழுத்திப் பிழியுங்கள். இலை கொஞ்சம் பாலைக் குடித்திருக்கும், 240 மி.லி.க்குக் குறைந்தால் வெறும் பால் சேர்த்து நிரப்புங்கள். நன்றாக ஆறிய பிறகே மாவில் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் குழைத்த வெண்ணெய் உருகி, அதில் பிடித்து வைத்த காற்று போய்விடும்.

ரோய்போஸில் துவர்ப்புச் சத்து குறைவு. அதனால்தான் இவ்வளவு நேரம் ஊறவிடவும் பிழியவும் முடிகிறது. சாதாரணக் கறுப்புத் தேயிலையை இப்படி நடத்தினால் கேக் கசக்கும்; அதற்கு 12 கிராம் இலை, 5 நிமிடம், பிழியாமல் வடிகட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் தூக்கலாக வேண்டுமானால் ஒரு மேசைக்கரண்டி ரோய்போஸை மிக்ஸியில் மாவாகப் பொடித்து, சலித்துச் சேருங்கள். செடர்பர்க் மலைப்பக்கத்து இந்தச் செடியின் இலை ஊசி போன்றது. பொடிக்காமல் போட்டால் வெந்த பிறகும் பல்லில் நெறுநெறுக்கும்.

ரோஸ் வாட்டர் மாவில் வேண்டவே வேண்டாம். பூ மணம் சூட்டில் பறந்துவிடும். அரை மணி நேர அவன் சூட்டுக்குப் பிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான். தேயிலை மாவுக்குள், பூ க்ரீமுக்குள்: இந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். க்ரீமில் 5 மி.லி. விட்டு ருசி பார்த்து, பிறகு கூட்டுங்கள். நாம் சொன்ன அளவுக்கு 15 மி.லி.க்கு மேல் போக வேண்டியிராது. எசென்ஸ் என்றால் சொட்டுக் கணக்கு.

கேள்வி: டர்பனில் இருக்கும் என் அக்கா இதே செய்முறையில் செய்தார், அழகாக வந்தது. எனக்கு மூன்று அடுக்கும் நடுவில் குழிந்துவிட்டன. அவன் கோளாறா? (வாசகி, லெனேசியா)

பதில்: அவனைக் குறை சொல்ல வேண்டாம். அக்கா கடல்மட்டத்தில் இருக்கிறார், நீங்கள் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் பேக்கிங் பவுடர் விடும் வாயு அதிகமாக விரியும். மாவு வெந்து இறுகுவதற்குள் குமிழிகள் உடைந்து நடு அமுங்கிவிடும். தண்ணீரும் உங்கள் ஊரில் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் ஈரம் விரைவில் ஆவியாகிறது. மாவில் சர்க்கரை செறிவாகிறது. சர்க்கரை கூடினால் கேக் இறுகுவது இன்னும் தாமதமாகும்.

உங்களுக்கான திருத்தம்: பேக்கிங் பவுடர் 11 மி.லி., சர்க்கரை 310 கிராம், ரோய்போஸ் பால் 280 மி.லி., மாவு 15 கிராம் கூடுதல், அவன் 190 டிகிரி. பால் கூடுவதால் 340 மி.லி.யில் இலையை ஊறவையுங்கள். 22-ஆம் நிமிடத்தில் குச்சி விட்டுப் பாருங்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் ஐந்து நிமிடம் அடிப்பதற்குப் பதில் மூன்று நிமிடத்தோடு நிறுத்துங்கள். அதிகக் காற்று அங்கே உதவாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் அவ்வளவு உயரமில்லை; அங்குள்ள வாசகர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: உலர்ந்த செம்பருத்தி இதழைப் பொடித்து மாவில் போட்டேன். ரோஜா நிறம் வரும் என்று பார்த்தால் சாம்பல் பச்சையாக வந்தது. (வாசகர், டோங்காட்)

பதில்: செம்பருத்தியின் சிவப்பு, புளிப்பில் சிவப்பாகவும் காரத்தன்மையில் நீலம், பச்சை என்றும் மாறும். மாவில் சேர்த்த பேக்கிங் பவுடரில் இருக்கும் சோடா அதைத்தான் செய்தது. கெட்டுப்போகவில்லை, சாப்பிடலாம். நிறம் வேண்டுமானால் ஐசிங்குக்கு வையுங்கள்: இரண்டு தேக்கரண்டி இதழை 40 மி.லி. வெந்நீரில் ஊறவைத்து வடித்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, ஐசிங் சர்க்கரையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் நல்ல இளஞ்சிவப்பு வரும்.

கேள்வி: மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இந்தக் கேக் செய்கிறேன். மேலே வீட்டுத் தோட்டத்துப் பூக்களை வைக்கலாமா? (வாசகி, பீனிக்ஸ்)

பதில்: எந்தப் பூ என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். தயவுசெய்து முழுவதும் படியுங்கள். நம் குவாசூலு-நட்டால் தோட்டங்களில் அழகான பூக்கள் பல விஷம். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர், இங்கே காட்டிலும் வளர்கிறது. அதில் உள்ள கோல்சிசின் உயிரையே எடுக்கக்கூடியது. அரளி எந்த நிறமானாலும் கூடாது. கிளைவியா கூடாது. கல்யாணக் கேக்குகளில் வெள்ளை ஆரம் லில்லி வைத்த படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் வாயிலும் தொண்டையிலும் குத்தி வீங்கச் செய்யும். ஊதாவாகப் பூத்து, மங்கி, வெள்ளையாகும் ‘யெஸ்டர்டே டுடே டுமாரோ’ செடியும் நல்ல மணம், கடும் விஷம். இவற்றைச் சாப்பிடாவிட்டாலும், க்ரீமில் பட்டாலே அந்த இடத்தை யாரோ ஒரு குழந்தை விரலால் வழித்துச் சாப்பிடும்.

ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, நாஸ்டர்ஷியம், பான்சி இவை வைக்கலாம். மல்லிகையில் ஓர் எச்சரிக்கை: வேலியில் படரும் ‘ஸ்டார் ஜாஸ்மின்’ நம் மல்லிகை இனமே அல்ல. காம்பைக் கிள்ளிப் பாருங்கள்; பால் வடிந்தால் விட்டுவிடுங்கள். பூக்கடையிலும் மாலை கட்டுபவரிடமும் வாங்கியது சாமிக்கு இருக்கட்டும். அவை உண்பதற்காக வளர்த்தவை அல்ல, மருந்து அடித்திருக்கும். மருந்தே படாத பூவைக் காலையில் பறித்து, மகரந்தத் தண்டை நீக்கி, கழுவி, துணியில் உலர்த்தி, பரிமாறுவதற்குச் சற்று முன் வையுங்கள். காம்பைக் கேக்கில் குத்தாதீர்கள்.

கேள்வி: புரட்டாசியில் முட்டை தொடமாட்டோம். இதே கேக்கை முட்டையில்லாமல் செய்ய முடியுமா? க்ரீமிலும் முட்டை வெள்ளைக்கரு இருக்கிறதே. (வாசகி, மெரேபாங்க்)

பதில்: முடியும், ஆனால் மேலே சொன்ன செய்முறையில் முட்டையை மட்டும் நீக்கினால் உதிர்ந்துவிடும். இது தனி அளவு. 250 மி.லி. கொதிநீரில் ஆறு பை ரோய்போஸை 20 நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்து, 180 மி.லி. எடுத்து ஆறவிடுங்கள். 385 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்று, உருக்கிய வெண்ணெய் 115 கிராம், இந்த ரோய்போஸ் மூன்றையும் கலக்குங்கள். கேக் மாவு 260 கிராம், பேக்கிங் பவுடர் 10 மி.லி., பைகார்ப் (சமையல் சோடா) 2.5 மி.லி. சேர்த்து இரண்டு முறை சலித்து அதில் போடுங்கள். கட்டி மறைந்ததும் நிறுத்துங்கள். அதிகம் கலக்கினால் ரப்பராகும். கடைசியாக வெள்ளை வினிகர் 30 மி.லி. விட்டு, உடனே 18 செ.மீ. டின்கள் இரண்டில் ஊற்றி அவனில் வைத்துவிடுங்கள். வினிகர் பட்டதும் வாயு கிளம்பத் தொடங்கும். மேசையில் நின்றால் அது வீண். 160 டிகிரி, 35 முதல் 40 நிமிடம். கண்டென்ஸ்டு மில்க் சீக்கிரம் சிவக்கும் என்பதால்தான் இந்தக் குறைந்த சூடு.

க்ரீமுக்கு மல்லிகை வெண்ணெய் செய்து பாருங்கள். பறித்த பிறகும் மணம் விட்டுக்கொண்டே இருக்கும் பூ மல்லிகை. உப்பில்லாத வெண்ணெய் 225 கிராமைக் கண்ணாடித் தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, மேலே மெல்லிய மஸ்லின் துணி விரித்து, மாலையில் பறித்த மொட்டுகளை நெருக்கமாக அடுக்கி மூடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் மொட்டு சரியாக விரியாது. வீட்டின் குளிர்ச்சியான இடம் போதும். காலையில் இதழ் பழுப்பாகும் முன் துணியோடு எடுத்துவிட்டு, மறுநாள் மாலை புது மொட்டு. இரண்டு இரவில் மணம் ஏறிவிடும். பிறகு பால் 250 மி.லி., மாவு 40 கிராம், சர்க்கரை 200 கிராம் மூன்றையும் கரண்டி போட்டால் தடம் நிற்கும் அளவுக்குக் கெட்டியாகக் கிளறி, முழுக்க ஆறவிடுங்கள். மல்லிகை வெண்ணெயை ஐந்து நிமிடம் அடித்து, அந்தக் கூழை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடித்தால் லேசான வெண்க்ரீம். கூழில் துளி சூடு இருந்தாலும் வெண்ணெய் உருகி ஓடும்.

கேள்வி: டர்பனில் ஜனவரி வெயில். மேல் அடுக்கு வழுக்கிக்கொண்டு போகிறது, க்ரீம் கூழாகிறது. (வாசகி, ஐசிப்பிங்கோ)

பதில்: நீங்கள் செய்தது வெள்ளைக்கரு 4, சர்க்கரை 250 கிராம், வெண்ணெய் 350 கிராம் போட்ட மெரிங் க்ரீம் என்று எடுத்துக்கொள்கிறோம். வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் வெந்நீர் மேல் 71 டிகிரி வரை சூடாக்கிய பிறகு, பாத்திரத்தின் அடி கைக்குச் சில்லென்று படும்வரை அடிக்க வேண்டும். டர்பன் கோடையில் அது தானாக நடக்காது. உறைந்த பட்டாணிப் பையைப் பாத்திரத்தைச் சுற்றி வைத்து அடியுங்கள். கூழானதையும் 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து அடித்தால் மீட்கலாம். மாறாக, திரிந்து தயிர் போல நின்றால் வெண்ணெய் அதிகக் குளிர். விடாமல் அடித்தால் சேர்ந்துவிடும்.

வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் மேடான அடுக்கும், அதில் தடவிய அதிகச் சர்க்கரைப் பாகும். மேட்டை ரம்பக் கத்தியால் சீவுங்கள். பாகு ஓர் அடுக்குக்கு 30 மி.லி. போதும். நடுவில் 120 கிராம் க்ரீம் பூசி, ஒவ்வொரு அடுக்குக்கும் 15 நிமிடம் ஃபிரிட்ஜ். வெளியே மெல்லப் பூசி 30 நிமிடம் குளிர்வித்த பிறகே இரண்டாம் பூச்சு. காரில் கொண்டுபோவதானால் முந்தின இரவே முடித்து, முழுக் குளிரில் பெட்டியில் வைத்து, இருக்கையில் அல்ல, காரின் தரையில் வையுங்கள். இருக்கை சாய்வாக இருக்கும்.

கேள்வி: லாவெண்டர் போட்டால் சோப்பு வாசனை. (வாசகர், கேப் டவுன்)

பதில்: அளவு கூடிவிட்டது. 300 மி.லி. பாலுக்குச் சமையலுக்கென்று விற்கும் உலர்ந்த பூ ஒரு தேக்கரண்டி, ஊறல் 10 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். ரோய்போஸோடு சேர்ப்பதானால் அரைத் தேக்கரண்டி.