கட்டியை எடுத்தாயிற்று, வலிப்புக் குளிசையை விடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. திடீரென்று வலிப்பு வந்து ஸ்கான் எடுத்தபோது மெனிஞ்சியோமா என்ற மூளைக்கட்டி என்றார்கள். சத்திரசிகிச்சை முடிந்து எட்டு மாதம். புற்றுநோய் இல்லை, கட்டி முழுதாக வந்துவிட்டது என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு வலிப்பு இல்லை. கந்தசஷ்டி விரதத்தோடு லெவெட்டிரசெட்டம் குளிசையை விட்டுவிட அம்மா நினைக்கிறா. விடலாமா?
– மகள், சாவகச்சேரி

பதில்: இப்போது விட வேண்டாம்.

மெனிஞ்சியோமா மூளையைப் போர்த்திருக்கும் உறையில் தோன்றி, மெல்ல வளர்ந்து, பக்கத்து மூளையை அமத்தும். வலிப்பு கிளம்புவது கட்டிக்குள் இருந்து அல்ல, அப்படி அமத்துப்பட்டு வீங்கிய மூளைப் பகுதியில் இருந்து. கட்டியை எடுத்த பின் அந்தப் பகுதி பலருக்கு ஆறிவிடும். சிலருக்குத் தழும்பாக நின்றுவிடும். சத்திரசிகிச்சைக்கு முன் வலிப்பு இருந்த மெனிஞ்சியோமா நோயாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பிறகு வலிப்பின்றி வாழ்கிறார்கள். கட்டியை முழுதாக எடுத்தது அம்மாவுக்குச் சாதகமானது. கட்டியைச் சுற்றி வீக்கம் அதிகம் இருந்ததா, வலிப்பு எவ்வளவு காலம் இருந்தது என்பவையும் முக்கியம்.

ஆனால் இந்த எட்டு மாத அமைதி குணமானதால் வந்ததா, குளிசையால் வந்ததா என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம் பொறுத்து, புதிய ஸ்கானையும் தேவைப்பட்டால் ஈ.ஈ.ஜி. என்ற மூளை மின்னலைப் பதிவையும் பார்த்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். சடுதியாக விட்டால், நிற்காமல் தொடரும் வலிப்பு வரக்கூடும். அது உயிராபத்து.

விரதத்தைத் தடுக்க எனக்கு மனமில்லை. லெவெட்டிரசெட்டத்தை வெறும் வயிற்றிலும் போடலாம். காலையும் இரவும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினால் விரதம் கெட்டுப்போகாது என்றே நான் நம்புகிறேன். தண்ணீரும் குடிக்காத உபவாசம் மட்டும் வேண்டாம். பால், பழம் எடுக்கட்டும். பசியை விட நான் பயப்படுவது வலிப்பைக் கிளப்பக்கூடிய நித்திரை முழிப்புக்குத்தான். சிவராத்திரிக்கு முழு இரவும் கண்விழிக்க விடாதீர்கள்.

கிணற்றடியில் தனியே குளிப்பதும் தண்ணீர் அள்ளுவதும், ஸ்கூட்டர் ஓடுவதும் டொக்டர் சரியென்று சொல்லும் வரை வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்காதீர்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இன்னொன்றையும் அம்மாவிடம் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். இந்தக் குளிசை சிலரை எரிந்து விழ வைக்கும், சிலருக்கு மனச்சோர்வைத் தரும். விரதத்தைச் சாட்டி அவ விட நினைப்பது அதனால்தான் என்றால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்கள்.