இணையத்தில் விற்க, வாங்க: கேட்டவையும் சொன்னவையும்

மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் குடும்பம் குத்துவிளக்கும் பூஜைச் சாமான்களும் விற்கிறது. 2016 முதல் இணையத்திலும் விற்கிறேன். தீபாவளி நெருங்குவதால் நிறைய பேர் கேட்கிறார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

செந்தூலிலிருந்து: அக்கா, முறுக்கு சுட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறேன். இதுவும் மின்வணிகமா?

ஆமாம்மா. மின்வழிச் செய்தி என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ளக்கூடாது என்கிறது நம் நாட்டின் 2006 மின்வணிகச் சட்டம். அதனால் "ஐந்து கிலோ, சனிக்கிழமை" என்று வந்த செய்தியையும், நீங்கள் "சரி" என்று போட்டதையும் அழித்துவிடாதீர்கள். அப்புறம், வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில், அதாவது நிறுவனப் பதிவு ஆணையத்தில், பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப்பெயர் வைத்தால் 60 வெள்ளி.

பட்டர்வொர்த்திலிருந்து: பி2பி, பி2சி என்று மின்வணிக வகைகளைக் கல்லூரியில் படிக்கிறேன். மனதில் நிற்கவில்லை.

தம்பி, ஒரு குத்துவிளக்கின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். நாச்சியார்கோவில் பட்டறையிடம் இறக்குமதியாளர் இணையத்தில் மொத்தமாக வாங்கினால் பி2பி, வியாபாரியிடமிருந்து வியாபாரிக்கு. 1999-இல் அலிபாபா தொடங்கியதும் இப்படி வியாபாரிகளை வியாபாரிகளோடு இணைக்கத்தான். அந்த விளக்கை நான் பாயான் பாருவில் ஒரு வீட்டுக்கு விற்றால் பி2சி, வியாபாரியிடமிருந்து பயனீட்டாளருக்கு. அவர்கள் வீடு மாறும்போது அதை முடா, கரோசெல் மாதிரிப் பழைய பொருளும் விற்கும் தளத்தில் போட்டு விற்றால் சி2சி, பயனீட்டாளரிடமிருந்து பயனீட்டாளருக்கு. அரசாங்க அலுவலகம் இபெரோலேஹான் என்ற அரசாங்கக் கொள்முதல் தளம் வழியாக வாங்கினால் பி2ஜி, வியாபாரியிடமிருந்து அரசாங்கத்துக்கு.

பரீட்சைக்கு இது போதும். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறு: தளமே கடைக்காரரா, இல்லை இடம் மட்டும் கொடுக்கிறதா? 1995-இல் அமேசான் புத்தகங்களைத் தானே வாங்கி விற்ற கடை. பிற்பாடுதான் வெளி வியாபாரிகளுக்கும் இடம் கொடுத்தது. இன்று இரண்டும் ஒரே பக்கத்தில் கிடக்கின்றன. ஷாப்பி என்ற இணையச் சந்தையில் பெரும்பாலும் சரக்கு என்னைப் போன்ற சின்ன வியாபாரிகளுடையது. பொருள் உடைந்து வந்தால் யாரைப் பிடிப்பது என்பது இதை வைத்துத்தான்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: ஷாப்பி மாதிரித் தளக்காரர்கள் கடை திறக்கக் காசே வாங்குவதில்லையே, எப்படிச் சம்பாதிக்கிறார்கள்?

பாசார் மாலாமை, அதாவது இரவுச் சந்தையை, நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கடை போட்டால் யார் வருவார்? நாற்பது கடை இருந்தால் ஊரே வரும். ஊர் வருவதால் இன்னும் கடைகள் சேரும். கூட்டம் சேரும்வரை தளக்காரர் சும்மா இடம் கொடுப்பார், வவுச்சர் அள்ளிவிடுவார். சேர்ந்த பிறகு கமிஷன், பணம் செலுத்தும் கட்டணம், இலவச டெலிவரித் திட்டத்துக்கு ஒரு பங்கு, தேடும்போது மேலே வர விளம்பரக் காசு என்று ஒவ்வொன்றாக வரும்.

இங்கேதான் பலர் அடிபடுகிறார்கள். கமிஷன் உங்கள் லாபத்தில் போவதில்லை, விற்ற விலையில் போகிறது. ஒரு கணக்கு: விளக்கின் விலை 50 வெள்ளி, கொள்முதல் 34. எல்லாக் கட்டணமும் சேர்த்து 15% என்று வைத்தால் 7.50. பெட்டிக்கும் பபுள்ராப்புக்கும் 3, விளம்பரத்துக்கு 2. கையில் நிற்பது 3.50. முதல் வருஷம் இது எனக்குத் தெரியாது. இந்தச் செலவுகளைச் சேர்க்காமல் கடை விலையையே இணையத்திலும் போட்டேன். ஆர்டர் குவிந்தது, வீட்டில் எல்லாரும் ராத்திரி உட்கார்ந்து பார்சல் கட்டினோம். தீபாவளி முடிந்து கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு விளக்கிலும் நஷ்டம். அன்றைக்கு அழுதுவிட்டேன். கட்டண விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பண்டிகைக்கும் முன்னால் பார்த்துவிட்டு விலை வையுங்கள்.

கெப்போங்கிலிருந்து: வெளிநாட்டிலிருந்து 80 வெள்ளிக்கு வாங்கினால் வரி உண்டா?

உண்டு. 500 வெள்ளிக்கு மேற்படாத இணைய இறக்குமதிக்கு 2024 ஜனவரி 1 முதல் 10% விற்பனை வரி. உங்களுக்கு 8 வெள்ளி.

ஜெலுத்தோங்கிலிருந்து: "ஆப்பில் வேண்டாம், நேராக பேங்க்கில் போடுங்கள், மலிவாகத் தருகிறேன்" என்கிறார் ஒருவர்.

போடாதீர்கள். முகம் தெரியாத இருவர் நம்பி வியாபாரம் செய்ய முடிவதே காசு நடுவில் தளத்தின் கையில் நிற்பதால்தான். பொருள் கைக்கு வந்ததென்று நீங்கள் சொல்லும்வரை, அல்லது அதற்கான கெடு முடியும்வரை, விற்பவருக்குக் காசு போகாது. நேரே அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இதை மூடிவிட்டு இப்போதே பேங்குக்கோ, மோசடிப் புகார் எண்ணான 997-க்கோ போன் போடுங்கள். அப்புறம் போலீஸ் ரிப்போர்ட். காசு கணக்கு விட்டுக் கணக்கு சீக்கிரம் தாவிவிடும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: மிக்சி உடைந்து வந்தது, கடைக்காரர் பதிலே சொல்வதில்லை.

"பெற்றுக்கொண்டேன்" என்பதை அழுத்தாதீர்கள். படம் எடுத்து ஆப்பிலேயே திருப்பிக் கேளுங்கள். அதுவும் நடக்கவில்லையா, பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளிவரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். வீட்டுப் பழைய சாமானை விற்றவர்மேல் அங்கே போக முடியாது. அதனால் முதலில் கடைப் பக்கத்தில் நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, அதையும் படம் எடுத்து வையுங்கள்.