திருத்த அமைப்புகளை அடையாளம் கண்டு வர்த்தகம் செய்வது எப்படி?

ஏறிக்கொண்டிருந்த குறியீடு இறங்கத் தொடங்கும்போது, அது தற்காலிகத் திருத்தம்தானா, போக்கே மாறிவிட்டதா என்பதைச் சார்ட்டில் எப்படி அறிவது, அறிந்தபின் எந்த விலையில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அமைப்பின் பெயரைத் தேடுவதற்கு முன் இறக்கத்தின் நடையைப் பாருங்கள் என்பதும், திருத்தம் நடந்துகொண்டிருக்கும்போது வர்த்தகத்தில் இறங்காமல் அது முடிந்ததற்கான சான்று கிடைத்தபின் வாங்குங்கள் என்பதும்தான் என் பதில்.

போக்கின் திசையில் செல்லும் விலை விரைவாகச் செல்லும். இடையில் வரும் எதிர்நகர்வுகள் சிறியவையாக இருக்கும். திருத்தத்தில் கேண்டில்கள் (ஒவ்வொரு காலப்பகுதியின் விலை நகர்வையும் காட்டும் சார்ட் கட்டைகள்) ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். இறங்கியதில் பெரும்பகுதியை விலை மீண்டும் எட்டிப் பிடித்து, மறுபடியும் விட்டுவிடும். 1930களில் அலைக் கோட்பாட்டை வகுத்த ரால்ஃப் நெல்சன் எலியட், போக்கு ஐந்து அலைகளாகவும் திருத்தம் பெரும்பாலும் ஏ, பி, சி என மூன்று அலைகளாகவும் நகர்வதாகக் கண்டார். ஏ அலை இறங்கியதில் பாதியளவே பி அலை மீண்டால் அது பெரும்பாலும் ஜிக்ஜாக். ஏறத்தாழ முழுவதும் மீண்டால் பிளாட். அலைகள் சுருங்கிக்கொண்டே போய் ஐந்து கால்களில் முடிந்தால் முக்கோணம். பி அலை பழைய உச்சத்தையே தாண்டிச் சென்று, பிறகு சி அலை ஏ அலையின் அடிக்கும் கீழே விழுந்தால் அது விரிந்த பிளாட். இவற்றுள் அதிகம் பேரை ஏமாற்றுவது இந்தக் கடைசி வகை என்று கருதுவதால், அதையே ஓர் உண்மையான சார்ட்டில் விரிவாகக் காட்டுகிறேன்.

2022 ஜூன் 17 அன்று 15,183 வரை இறங்கிய நிஃப்டி, ஆகஸ்டு 19 அன்று 17,992ஐத் தொட்டது. அங்கிருந்து ஆகஸ்டு 29 அன்று 17,166க்கு இறங்கியது. இந்த 826 புள்ளிகள் ஏ அலை. பின்னர் ஏறி, செப்டம்பர் 13, 14 ஆகிய இரு நாள்களிலும் 17,992க்கு மேல் முடிந்தது. உச்சம் உடைந்துவிட்டது என்று நம்பி வாங்கத் தோன்றும் இடம் அதுதான். ஆனால் 15ஆம் தேதி 18,096 வரை சென்ற குறியீடு, அன்றே 17,877இல் முடிந்தது. பிரேக் அவுட் ஆன மூன்றாம் நாளே உடைத்த விலைக்குக் கீழே முடிந்தால், ஏறியது பி அலையாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். செப்டம்பர் 30 அன்று நிஃப்டி 16,747 வரை வந்தது. சி அலையின் நீளம் 1,349 புள்ளிகள், அதாவது ஏ அலையைப் போல் சுமார் 1.63 மடங்கு, விரிந்த பிளாட்டில் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் ஃபிபனாச்சி அளவு (அந்தப் பெயருள்ள எண்தொடரிலிருந்து பெறும் விகிதம்) 1.618. ஜூனிலிருந்து ஏறியதில் 46 சதவீதத்தை மட்டுமே அது திருப்பிக் கொடுத்திருந்தது.

இந்தக் கணக்குப் பொருந்துகிறது என்பதற்காகவே வாங்கிவிடக் கூடாது. எந்த விலைக்கு அருகில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 5.4இலிருந்து 5.9 சதவீதமாக உயர்த்திய அதே செப்டம்பர் 30 அன்று, நிஃப்டி அடியிலிருந்து மீண்டு 17,094இல் முடிந்தது. அன்றைய உச்சம் ஏறத்தாழ 17,190. அடுத்த வர்த்தக நாளிலேயே சந்தை மீண்டும் சரிந்ததால், அந்த உச்சம் கடக்கப்படும் வரை பொறுத்திருப்பதே சரி; அக்டோபர் 4 அன்று அது கடக்கப்பட்டது. வாங்கும் விலை அதுவே. ஸ்டாப் லாஸ், அதாவது விலை அதுவரை இறங்கினால் நஷ்டத்தை ஏற்று வெளியேறும் அளவு, 16,747க்குச் சற்றுக் கீழே, 16,740இல். அக்டோபர் 13 அன்று குறியீடு 16,950 அருகே வந்து பயமுறுத்தியபோதும் ஸ்டாப் தொடப்படவில்லை. நவம்பர் 28 அன்று 2021 அக்டோபரின் உச்சமான 18,604ஐ நிஃப்டி தாண்டியது. 450 புள்ளி அபாயத்துக்கு 1,400 புள்ளிக்கு மேல் கிடைத்தது.

பின்னோக்கிப் பார்க்கும்போது எல்லா அலைகளும் தெளிவாகத் தெரியும், நேரடிச் சந்தையில் அப்படித் தெரியாது. அதனால்தான் எத்தனை வாங்குவது என்ற கணக்கை நான் அலை எண்ணிக்கையைவிட முக்கியமாகக் கருதுகிறேன். அப்போது நிஃப்டி பியூச்சரில் (பின்தேதிக்கான ஒப்பந்தத்தில்) ஒரு லாட், அதாவது வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு, 50. 450 புள்ளி என்றால் 22,500 ரூபாய் அபாயம். மூலதனமாக 2 லட்சம் ரூபாய் வைத்திருப்பவருக்கு அது 11 சதவீதத்துக்கும் மேல். அவர் ஒரு சதவீதம், அதாவது 2,000 ரூபாய் மட்டுமே இழக்கத் தயார் என்றால், நிஃப்டி ஈடிஎஃப்பில் (குறியீட்டைப் பின்தொடர்ந்து, பங்குபோலவே சந்தையில் வாங்கக்கூடிய நிதியில்) ஏறத்தாழ 76,000 ரூபாய்க்கு வாங்குவதே பொருத்தம். பி அலையின் உச்சமான 18,096க்கு மேல் விலை முடிந்தபின், ஸ்டாப் லாஸை வாங்கிய விலைக்கே உயர்த்திக்கொள்ளலாம்.