நாலு நாள் ஊழியத்துக்கு என்ன கொண்டு வரலாம், அக்கா?

(நடைபாதையில் வாழும் மக்கள் நடுவே ஊழியம் செய்வது பற்றிய வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், சென்னையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சபை வாலிபர்களோடு பல வருடங்களாக இரவு ஊழியத்துக்குப் போய்வருபவர்.)

கேள்வி: எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திலிருந்து 18 பேர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான்கு நாள் சென்னை வருகிறோம். பாரிமுனைப் பக்கம் ரோட்டோரம் படுத்திருப்பவர்களுக்குத் தினமும் ராத்திரி 300 சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கத் திட்டம். வேறு என்ன கொண்டு வரலாம், அக்கா?
– ஒரு வாலிபர், நாகர்கோவில்

தம்பி, நீங்கள் வருவது ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்த 300 பொட்டலத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

முதல் தடவை நாங்களும் பிரியாணியோடுதான் போனோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து வால்டாக்ஸ் ரோடு, ராத்திரி மணி பத்தரை. எங்களுக்கு முன்னாலேயே இரண்டு குழுக்கள் வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டுப் படுத்தாயிற்று. நாங்கள் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பிக் கையில் திணித்துவிட்டு வந்தோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், நாய் இழுத்துப் போட்ட சோற்றை ஒரு அம்மா கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். கடை திறப்பதற்குள் வாசல் சுத்தமாக இல்லையென்றால் அங்கே படுக்க விடமாட்டார்களாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. நானும் உட்கார்ந்து அள்ளினேன்.

அப்போதுதான் கேட்டேன், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று. "ஜிப் வெச்ச பிளாஸ்டிக் பை ஒண்ணு கெடைக்குமா?" என்றார். தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். ரேஷன் கார்டு, பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட டி.சி., எல்லாம் மழையில் ஒன்றோடொன்று ஒட்டி, எழுத்து கலங்கிக் கிடந்தது. அந்தப் பிள்ளையை மறுபடி பள்ளிக்கூடத்தில் சேர்க்க அந்தக் காகிதம்தான் வேண்டும்.

அங்கே இருப்பவர்களில் பலர் நேற்று வந்தவர்கள் இல்லை. இரண்டு மூன்று தலைமுறையாக அதே தெரு. ஆண்கள் மீன்பாடி வண்டி (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) ஓட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள்; பெண்கள் பூ விற்கிறார்கள். பெரிய நகரங்களில் லட்சம் மக்கள்தொகைக்கு வீடற்றோர் காப்பகம் ஒன்று வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே சொல்லிவிட்டது. மாநகராட்சிக் காப்பகங்களும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. பிள்ளைகுட்டியோடு இருப்பவர்கள் எப்படிப் பிரிந்து போவார்கள்? தூரத்தில் இருக்கிற கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ அரசு வீடு கிடைத்தாலும் பிழைப்பு பாரிமுனையில்தானே இருக்கிறது.

அதனால் முதல் நாள் வெறுங்கையோடு வந்து கேளுங்கள். ஜிப் பை, கொசுவலை, நாப்கின், புது உள்ளாடை என்று கேட்பார்கள். அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஊரிலிருந்து பழந்துணி மூட்டை வேண்டவே வேண்டாம்.

உங்களில் நர்ஸிங் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டி வாருங்கள். மழைக்காலத்தில் சேற்றுப்புண் அதிகம். விரலிடுக்கு வெந்து வெள்ளை வெளேரென்று இருக்கும். கழுவி, ஒற்றியெடுத்து, நன்றாகக் காயவிட்டு, களிம்பு தடவ ஒருவருக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். பேச்சு வருவது அந்தக் கால் மணி நேரத்தில்தான். சர்க்கரைக்காரர் காலில் வலியில்லாத புண் இருந்தால் நீங்களாக மருந்து போடாதீர்கள். சென்ட்ரலுக்கு எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. காலையில் கூடப் போய் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கிக் கொடுங்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அவரை மறுபடி கூட்டிப்போக உள்ளூர் சபையில் ஒரு ஆளை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

படம் எடுக்காதீர்கள். தூங்குகிற ஒரு பெண்பிள்ளையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட பையனை அன்றைக்கே ஊருக்கு ரயிலேற்றி விட்டவள் நான்.

கேள்வி: சாப்பாட்டோடு சுவிசேஷக் கைப்பிரதியும் கொடுக்க வேண்டும் என்கிறார் எங்கள் பாஸ்டர். கொடுக்கலாமா?
– ஒரு சகோதரி, மதுரை

வேண்டாம்மா. பசியில் இருப்பவர் எதை நீட்டினாலும் வாங்கத்தான் செய்வார். வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவரிடம் நம் விசுவாசத்தைக் கொண்டுபோய்த் திணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களே ஜெபிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பிள்ளையின் பரீட்சைக்காக, குடிக்கிற புருஷனுக்காக. அப்போது பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பாஸ்டரிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார்.

கேள்வி: சடைபிடித்த தலையோடு தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பவர்களைப் பிடித்து முடிவெட்டிக் குளிப்பாட்டலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பிடித்து என்ற சொல்லே வேண்டாம், தம்பி. அவர் சம்மதிக்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் மனநோயோடு அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது போலீஸின் கடமை என்கிறது 2017-ஆம் வருட மனநலச் சட்டம். பக்கத்து ஸ்டேஷனில் சொல்லுங்கள். கீழ்ப்பாக்கத்தில் பெரிய மனநல மருத்துவமனையும் இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு டீ வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு நாலடி தள்ளி உட்காருங்கள். அப்படி உட்கார்ந்த என்னிடம் ஒருவர் மூன்றாவது வாரம்தான் வாய் திறந்தார். தெலுங்கில் ஒரு ஊர்ப் பெயர் சொன்னார். அதை வைத்துத்தான் அவர் அண்ணனைக் கண்டுபிடித்தோம்.