ஏழாவது கதவு யாருடையது?

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் காமிக்ஸை முதல் அத்தியாயத்திலிருந்து படித்து வருகிறேன். வீட்டில் நான், தம்பி, அப்பத்தா மூவருமே உங்கள் வாசகர்கள். அப்பத்தாவுக்கு வசனங்களை நான் படித்துக் காட்டுவேன். படங்களை அவர்களே போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

கடல் கடன் கேட்டு வருகிற அந்தப் பெரிய வீட்டில் ஆறு ஆண்பிள்ளைகள் என்றுதான் சாவி ஆச்சி எப்போதும் சொல்கிறார். ஆனால் 14ஆம் அத்தியாயத்தில் வீட்டின் நடுமுற்றமான வளவைச் சுற்றி ஏழு கதவுகள் இருக்கின்றன. ஏழாவது இதுவரை திறக்கவில்லை. கணக்கப்பிள்ளைதான் அந்த ஏழாவது பிள்ளை என்பது என் கட்சி. கடனுக்கு ஈடாக அவரைக் கடலுக்குத் தத்தாகப் பிள்ளை கூட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் அவர் முகப்பைத் தாண்டி வளவுக்குள் காலே வைப்பதில்லை. தம்பியோ, அந்த அறை கடலுக்கே ஒதுக்கிய பங்கு என்கிறான். அப்பத்தா இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. “பிள்ளை கூட்டிக் குடுத்துட்டா பெத்த வீட்டுல அவனுக்கு ஏதுடி கதவு?” என்று கேட்கிறார்கள்.

யார் சொல்வது சரி அக்கா? இன்னொன்று, நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்பதற்காக முடிவை மாற்றிவிடுவீர்களா? அந்தப் பயத்தில்தான் இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தோம்.

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடிவை மாற்ற மாட்டேன். உங்கள் மூவரில் ஒருவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தாலும் மாற்ற மாட்டேன். தேவகோட்டையே கூடி நின்று சொன்னாலும் மாற்ற மாட்டேன். பயப்படாமல் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

தொடர் எழுதுபவர்களுக்கு இந்தச் சபலம் வருவது உண்மைதான். வாசகர்கள் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால், இனி யார் திகைக்கப் போகிறார்கள் என்று தோன்றும். கதையை வேறு பக்கம் திருப்பி, யாரும் நினைத்தே பார்க்காத ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். எனக்கு அது துரோகமாகப் படுகிறது. 14ஆம் அத்தியாயத்தில் நின்று கதவுகளை எண்ணியவர் நீங்கள். எண்ணாமல் தள்ளிக்கொண்டு போனவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. ஆனால் முடிவை மாற்றினால் ஏமாறுவது எண்ணியவர் மட்டும்தான். திகைப்பு எவ்வளவு நாள் நிற்கும்? அதிகம் போனால் ஒரு வாரம். அப்புறம் யாராவது முதலிலிருந்து மறுபடி படிப்பார்கள், இந்தத் தடவை முடிவு தெரிந்தே. ஏழாவது கதவு இங்கே எதற்கு என்று அவர்கள் கேட்கும்போது கதைக்குள் அதற்குப் பதில் இருக்க வேண்டும்.

இணையத்தில் வரும் காமிக்ஸில் இன்னொரு வசதியும் இருக்கிறது, எனக்குப் பிடிக்காத வசதி. அச்சில் வந்த பக்கம் வந்ததுதான், அது வாசகர் கையில் இருக்கும். இங்கே பழைய அத்தியாயத்தைத் திறந்து, ஒரு கதவை அழித்துச் சுவராக்கி, ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி ஏற்றிவிடலாம். “ஏழு இருந்ததே” என்று நீங்கள் சொன்னால் “சரியாகப் பாருங்கள், ஆறுதான்” என்று நான் சொல்லலாம். வெளியான அத்தியாயத்தில் எழுத்துப்பிழையைத் தவிர எதையும் தொடுவதில்லை என்பது நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு. படத்தில் ஒரு கோட்டைக்கூடத் தொட மாட்டேன். வளவில் ஏழு கதவுகள் என்றால் கடைசி வரை ஏழுதான்.

சரி, யார் சொல்வது சரி? இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்களைக் காக்க வைத்து வேடிக்கை பார்ப்பதற்காக இல்லை. தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை, அதனால்தான்.

நான் காரைக்குடியில் வளர்ந்தவள். சா. கணேசன் 1939இல் இங்கே தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா என்றால் வீட்டோடு கிளம்பிப் போவோம். அங்கே பட்டிமண்டபம் கேட்டுத்தான் ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதைக் கற்றுக்கொண்டேன். மறைந்து நின்று வாலியைக் கொன்றது சரியா? அண்ணன் செய்வது தவறு என்று தெரிந்தும் கூடவே நின்று செத்த கும்பகருணன் உயர்ந்தவனா, விட்டுப் பிரிந்த வீடணன் உயர்ந்தவனா? தலைமுறை தலைமுறையாக இதே கேள்விகள்தான். இருந்தாலும் யாருக்கும் அலுக்கவில்லை. கம்பரைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. அவருடைய சமாதி என்று வணங்குகிற இடம் பக்கத்தில் நாட்டரசன்கோட்டையில்தான் இருக்கிறது, ஆனாலும் வழியில்லை. பேச்சாளர் எவ்வளவு அழகாகப் பேசினாலும், எதிரணி “பாட்டு எங்கே?” என்று கேட்டால் பாட்டைச் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

மந்தரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முடிசூட்டு விழாவை நிறுத்தி, பதினான்கு வருடக் காட்டு வாழ்க்கைக்கு வழி செய்தவள். அவளுடைய முன்கதைக்குக் கம்பர் ஒதுக்கியது இரண்டே அடி. சிறுவயதில் இராமன் வில்லிலிருந்து விட்ட மண் உருண்டை தன் மேல் பட்டதை அவள் மனதில் நினைத்துக்கொண்டே போகிறாள், அவ்வளவுதான். அது குழந்தை விளையாட்டா, ஒரு கூனியின் முதுகை ஊரே பார்த்துச் சிரித்த நாளா? அத்தனை வருடம் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லையா? கம்பர் அதற்கு மேல் போகவில்லை. அந்த இரண்டு அடிகளைப் பிடித்துக்கொண்டு நாம் அவளுடைய முழு வாழ்க்கையையும் பேசிக்கொண்டிருக்கிறோம். என் கதாபாத்திரங்களுக்கு நான் முன்கதை எழுதும்போதெல்லாம் என் முன்னால் நிற்கிற அளவுகோல் இதுதான்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கணக்கப்பிள்ளையின் தாய் யார், சாவி ஆச்சி முதல் சாவியை யார் கையிலிருந்து வாங்கினார் என்றெல்லாம் அதில் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் வரைய உட்காரும்போது நோட்டு பாதி நேரம் தோற்றுப்போகும். இந்த இடத்தில் அவர் கோபப்படுவார் என்று எழுதி வைத்திருப்பேன். முகத்தை வரைந்து முடித்தால் அதில் பயம் இருக்கும். அந்தப் பயத்துக்குக் காரணம் தேடினால் முன்கதையே மாறும். நோட்டில் இருப்பதும் ஊகம்தான், நான் செய்த ஊகம். கட்டத்துக்குள் வந்தபிறகுதான் அது கதை. இன்று நோட்டைப் பார்த்து உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லி, நாளை வரையும்போது அது வேறாகிவிட்டால், உங்களிடம் பொய் சொன்னவளாகிவிடுவேன்.

ஆனால் உங்கள் மூவரின் வாதங்களை எடை போட்டுப் பார்க்கலாம், அதில் எனக்குத் தடையில்லை. சொல்லப்போனால் கடிதத்தைப் படித்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

அப்பத்தா சொன்னது கனமான வாதம். செட்டிநாட்டுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் வீடுகளில் வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் சும்மா கட்டியவை இல்லை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனுக்கென்று ஒரு அறை. அப்புறம் வேறு வைப்பார்கள். அதே கூரையின் கீழ் தனிச் சமையல், தனிச் செலவு, அவர்களுக்கென்று வருடத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு. ஒரு கதவு என்றால் ஒரு மகன், அவனுக்குப் பின்னால் ஒரு குடும்பம். இன்றும் பல வீடுகளில் அறைச் சாவி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளியிடம் இருக்கிறது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். வீட்டில் நல்லது கெட்டது நடந்தால் சாவியோடு வருவார்கள். திறக்காமலே கிடக்கிற அறைகளும் இருக்கின்றன. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் எத்தனை பேர். 1942இல் ஜப்பான் படை உள்ளே நுழைந்தபோது நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் உண்டு, வழியிலேயே போனவர்களும் உண்டு. அந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்ததால்தான் என் கதையில் ஒரு கதவு பூட்டிக் கிடக்கிறது.

பிள்ளை கூட்டுவது இதற்கு நேர் எதிரான காரியம். போன பிள்ளை போன வீட்டுக்குத்தான் மகன். பெற்றவர் வீட்டுச் சொத்தில் அவனுக்குப் பங்கு கிடையாது, விலாசம்கூட, அதாவது பெயருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்துகள்கூட, மாறிவிடும். பங்கு இல்லை என்றால் அறை ஏது? அப்பத்தாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உங்கள் கட்சி ஒரு அடி நகராது. கணக்கப்பிள்ளை முகப்போடு நின்றுவிடுவதைச் சாட்சியாகக் காட்டியிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது. எல்லா வீட்டிலும் கணக்கு எழுதுபவருக்கு இடம் முகப்புத் திண்ணைதான். வளவுக்குள் கூப்பிட்டும் அவர் வராத ஒரு இடத்தைக் காட்டினீர்களானால் அது சாட்சி. அப்படி ஒரு கட்டம் இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன். தேடுங்கள். அதோடு 6ஆம் அத்தியாயத்தில் கடலோடு எழுதிக்கொண்ட முறியையும், அதாவது ஒப்பந்தப் பத்திரத்தையும், பெரிதாக்கிப் படியுங்கள். மனிதர்களுக்குள் பிள்ளை கூட்டுகிற முறையே கடலுக்கும் பொருந்தும் என்று அங்கே எழுதியிருக்கிறதா?

தம்பியின் கட்சிக்குக் கட்டத்தில் ஆதாரம் குறைவு, துணிச்சல் அதிகம். கடன் கொடுத்தவருக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு பங்கு என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவனை ஒரு சாட்சியாவது கொண்டுவரச் சொல்லுங்கள்.

எதைச் சாட்சியாக எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று மற்ற கடிதங்களிலும் கேட்கிறார்கள். வீட்டுப் பாத்திரம் பண்டங்களில் வெட்டியிருக்கும் எழுத்துகளைத் தாராளமாக நம்பலாம். ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் போடுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்தால், யார் வீட்டுப் பெண்ணுக்கோ சீராகக் கொடுத்த பித்தளை அடுக்கு, பேர் வெட்டிய நிலையில், விலைக்கு உட்கார்ந்திருக்கும். நாலு எழுத்துதான். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே மனதில் கட்டிக்கொண்டு வெளியே வருவேன். சேலை நிறத்தை நம்ப வேண்டாம். ராக்காட்சியில் விளக்கு வெளிச்சத்துக்கு ஏற்ப அரக்கு நிறம் கறுப்பாகிவிடும். சாவி ஆச்சி கழுத்தில் கழுத்திரு, அதாவது நகரத்தார் கல்யாணத் தாலி, இல்லை, அதனால் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். உங்கள் அப்பத்தாவைக் கேட்டால் சொல்வார்கள்: கல்யாணத்தன்று போடுவது, அப்புறம் அறுபதாம் கல்யாணத்தில் போடுவது. தினமும் போட்டுக்கொண்டா இருப்பார்கள்?

ஒரு வகை ஊகத்தைப் படிக்கும்போது மட்டும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கணக்கப்பிள்ளை கறுப்பாக இருக்கிறார், கண் உள்ளே போயிருக்கிறது, ஆகவே அவர்தான் துரோகி என்று எழுதுகிறார்கள். சினிமாவும் விளம்பரமும் நமக்குக் கற்றுக்கொடுத்த பார்வை இது. என் கதையில் நிறம் எதற்கும் சாட்சி ஆகாது. அதை எந்த ரகசியத்துக்குள்ளும் ஒளித்து வைக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஊகித்து எழுதும் கடிதங்கள் எல்லாமே அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியவை. யார் யாருக்கு மகன், சொத்து யாருக்கு, கடன் யார் தலையில். வளவு வரும் அத்தியாயங்களில் எல்லாம் ஒரு பெண் இருக்கிறாள். தரையைத் துடைத்துக்கொண்டிருப்பாள், விளக்குக்கு எண்ணெய் விடுவாள், பெரும்பாலும் கட்டத்தின் ஓரத்தில். அவள் யார், எந்த ஊர், அவளுக்கும் கடலுக்கும் ஏதாவது கணக்கு உண்டா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசி, கண்ணாடி மாதிரி தேய்த்த கைகளால்தான் இங்கே அத்தனை மாளிகையும் நிற்கிறது. ஆனால் வீட்டைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் சுவரில் மாட்டிய முதலாளி படத்துக்குக் கீழேதான் நின்று கதை கேட்கிறார்கள். நம் வாசிப்பிலும் அதே நடக்க வேண்டாம். 14ஆம் அத்தியாயத்தில் கதவுகளை எண்ணினீர்களே, அதே கட்டத்தில் அவள் எந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று பாருங்கள். இதைத் துப்பு என்று எடுத்துக்கொண்டாலும் சரி, எடுத்துக்கொள்ளாவிட்டாலும் சரி.

அடுத்த அத்தியாயத்துக்காக அப்பத்தாவிடம் எனக்கு ஒரு உதவி வேண்டும். நான் விசாரித்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கூட்டிய பிள்ளை, பெற்ற வீட்டிலிருந்து தன்னோடு ஒரு பாத்திரம் கொண்டுவந்தால், அதில் யார் விலாசம் இருக்கும்? பழையதை அப்படியே விட்டுவிடுவார்களா, அழித்துவிட்டுப் புதிதாக வெட்டுவார்களா? அவர்கள் காலத்தில், அவர்கள் ஊரில் எப்படி என்று கேட்டு எழுதுங்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்தக் கட்டத்துக்கு மை போட வேண்டும்.

அன்புடன்,
அக்கா