ஆண் பத்தியில் விழுந்த மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

பினாங்கில், பாயான் லெப்பாஸ் ஆலை ஒன்றில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். பயிற்சி நாளில் இரண்டு தாள் நிரப்பச் சொன்னார்கள். ஒன்றில் 'ஆண்மை வகை', மற்றதில் 'டைப் ஏ', அதாவது எப்போதும் அவசரமும் போட்டியுமாக இருப்பவர் என்று வந்தது. இரண்டும் சேர்ந்தே வருமாம், மாரடைப்புக்கும் வாய்ப்பாம். என் மாமியார் வேறு, "ஆம்பள மாதிரி ஏன் இந்தப் பரபரப்பு?" என்கிறார். இதில் எவ்வளவு உண்மை?

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரி,

முதல் தாள் அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974-இல் வெளியிட்ட பட்டியலாக இருக்கலாம். குணங்களைச் சொல்லும் 60 சொற்கள்: ஆண் பத்தியில் 20, பெண் பத்தியில் 20, பொதுவில் 20. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை நீங்களே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். எந்தச் சொல் எந்தப் பத்தி என்று தீர்மானித்தவர்கள் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள். அமெரிக்காவில் இந்தக் குணம் யாருக்கு அழகு என்று அவர்களிடம் கேட்டார்கள். போட்டி மனமும் முன்னேறும் வேட்கையும் ஆண் பத்திக்குப் போயின.

டைப் ஏ தாளும் அதே போட்டி மனத்தைத்தான் கேட்கிறது. ஒரே மூட்டையை இரண்டு தராசில் வைத்துவிட்டு, எடை ஒத்துப்போகிறதே என்று வியக்கிறார்கள்! நீங்களே சோதிக்கலாம். ஆண் பத்தியில் போட்டி மனம், முன்னேறும் வேட்கை, மூர்க்கம் மூன்றையும் அடித்துவிட்டு, மிச்சத்தைக் கூட்டி 17-ஆல் வகுங்கள். சராசரி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பெண் பத்தியைக் கூட்டினார்களா என்றும் கேளுங்கள். இரண்டிலும் கூட்டத்தின் நடு மதிப்பெண்ணைத் தாண்டியவரைப் பெம் 'இருபால் பண்பு கலந்தவர்' என்றே வகுத்தார். அந்த நடுக்கோடும் கூட்டத்துக்குக் கூட்டம், ஊருக்கு ஊர் நகரும்.

டைப் ஏ, 1959-இல் சான் பிரான்சிஸ்கோ இதய மருத்துவர்கள் ஃப்ரீட்மனும் ரோசன்மனும் எழுதியது. அடுத்து வந்த பெரிய ஆய்வில் 39 முதல் 59 வயதுவரையான 3,154 பேரை எட்டரை ஆண்டு கவனித்தார்கள். டைப் ஏக்காரர்களுக்கு இதயநோய் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அத்தனை பேரும் ஆண்கள். பின்வந்த பல ஆய்வுகளில் அந்த இரு மடங்கு நிற்கவில்லை. ஓரளவு தாக்குப்பிடித்தது பகையும் கோபமும்தான், உழைக்கும் வேகமல்ல.

டைப் ஏ யார் என்று கண்டுபிடிக்க அந்த மருத்துவர்கள் வைத்த நேர்காணலிலேயே ஒரு தந்திரம் உண்டு. கேட்பவர் வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பேசுவார். எதிரே இருப்பவர் குறுக்கே புகுந்து வாக்கியத்தை முடித்து வைக்கிறாரா, குரல் வெடிக்கிறதா என்று பார்ப்பார்கள். லைன் நின்றுபோகும்போது உங்களைக் கவனியுங்கள். கோளாறு எங்கே என்று ஓடுகிறீர்களா, யார் தவறு என்று கத்துகிறீர்களா? ஓடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். கத்துவது அடிக்கடி என்றால் அதைக் கவனிக்க வேண்டும்.

நெஞ்சுக்காகக் கவலை என்றால் இந்தத் தாள்களை மூடிவைத்துவிட்டு, கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.